பூனைக்குட்டியின் தந்தை ஹஸ்ரத் அபூஹுரைரா (ரலி)

ஹதீஸ் ஓதப்படும் சபைகளில் மற்ற ஸஹாபாக்களின் பெயர்களைவிட மிகுதியாக ஒலிப்பது ஹஸ்ரத் அபூஹுரைரா ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் திருப்பெயரே ஆகும். நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களைப் பற்றி இவர்கள் வாயிலாக வந்த அறிவிப்புகள் 5374 என்று ஹதீஸ் கலையினர் கணக்கிட்டுள்ளனர். புதுவை முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் வாழும் நம் மூத்த பெண்மணிகளுள் எழுத்தறியாதவர்கள்கூட இப்பெயரை அறிவார்கள். ஆயினும் இதன் பொருள் 'பூனைக்குட்டியின் தந்தை' என்று சொன்னால் மதரஸாப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பெருந்தகையின் இயற்பெயர் எது என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் பலவாறு கருத்து வேறுபடுகின்றனர். இஸ்லாத்திற்கு முன் அப்து ஷம்ஸ், பின்னர் அப்துர் ரஹ்மான் என்பது பலரும் ஏற்ற கூற்று. பூனைக்குட்டியால் வந்த பெயரில் மட்டும் ஒருவருக்கும் ஐயமில்லை.

யமன் நாட்டுத் தௌஸ் கோத்திரத்தில் பிறந்த அவர்கள் சிறு வயதிலேயே தந்தையை இழந்து அநாதையாக வளர்ந்தார்கள். வயிற்றுச் சோற்றையே கூலியாகப் பெற்று, புஸ்ரா பின்த் கஸ்வான் என்னும் பெண்மணியிடம் ஏவல் செய்தார்கள். பிற்காலத்தில் அதே பெண்மணி அவர்களுக்கு வாழ்க்கைத் துணைவியானது அல்லாஹ்வின் ஏற்பாடு. அவர்கள் தம் குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்த நாளில் ஒரு சிறு பூனைக்குட்டி அவர்களிடம் இருந்தது. பகலில் அதைத் தம்முடன் எடுத்துச் சென்று விளையாடுவார்கள். இரவில் ஒரு மரத்தின்மேல் வைப்பார்கள். அதைக் கண்டு பிறர் இட்ட பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. குட்டியின் தாயைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. அதைப் பேணியவர் தந்தையற்ற அந்த மேய்ப்பரே.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில், கைபர் போர் நடந்த வேளையில், அவர்கள் மதீனாவை வந்தடைந்தார்கள். மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையே இல்லமாயிற்று. திண்ணைத் தோழர்கள் என்று நாம் போற்றும் அந்த ஏழை ஸஹாபாக்களுக்கு வீடு இல்லை, வாணிபம் இல்லை, தோட்டம் இல்லை. பசி தாங்காமல் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. மிம்பருக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் இடையே அபூஹுரைரா (ரலி) அவர்கள் மயங்கி விழ, வலிப்பு நோய் என்று எண்ணியவர்களும் உண்டு. அது பசியன்றி வேறில்லை.

அத்தகைய ஒரு நாளில் அவர்கள் வழியோரம் அமர்ந்திருந்தார்கள். முகத்தைக் கண்ட மாத்திரத்தில் நிலையை உணர்ந்த நாயகம் (ஸல்) அவர்கள், அபூஹிர் என்று அன்போடு விளித்துத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே அன்பளிப்பாக வந்த ஒரு கோப்பைப் பால் இருந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்துவரக் கட்டளை பிறந்தது. இத்தனை பேர் குடித்தபின் தமக்கு என்ன மிஞ்சும் என்று உள்ளம் வாடியதை அபூஹுரைரா (ரலி) அவர்களே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் ஒவ்வொருவராக எல்லோருக்கும் தம் கையாலேயே அருந்தக் கொடுத்தார்கள். இறுதியில் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அமரச் செய்து, இனி இடமில்லை என்னுமளவு மீண்டும் மீண்டும் பருகச் செய்து, மீதியைத் தாம் பருகினார்கள்.

வாயில்லாப் பிராணிகளைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் அறிவிப்புகளுள் இரண்டு இவர்கள் வாயிலாகவும் வந்துள்ளன. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலுறையில் கிணற்று நீரை முகந்து கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட செய்தி ஒன்று. ஒரு பூனையை அடைத்துவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியின் சிற்றுயிர்களைத் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தி மற்றொன்று. நாயகம் (ஸல்) அவர்கள் உறங்கிய பூனைக்காகத் தம் அங்கியை அறுத்ததாகச் சிலர் மேடைகளில் சொல்லும் கதைக்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரமில்லை. ஆதாரமுள்ளவையே நமக்குப் போதும்.

அந்தப் பெண்ணின் செய்தியை ஓதும்போதெல்லாம் எனக்கு என் மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்து நெஞ்சைக் குத்தும். ஐப்பசி அடைமழையில் ஹவ்ழுக்குப் பின்னால் தாயற்ற குட்டியொன்று நனைந்து கிடந்தது. மாணவர்கள் நாங்கள் அதைக் குழந்தையைப்போல் மல்லாக்கக் கிடத்தி, பஞ்சுத் திரியால் பசும்பாலைப் பிழிந்து ஊற்றினோம். பால் மூக்கின் வழியே வந்தது. சுப்ஹு தொழுகைக்கு எழுந்தபோது குட்டி இறந்திருந்தது. இரக்கம் எங்களிடம் இருந்தது, அறிவு இல்லை. பல்லாண்டுகள் கழித்து என் வீட்டு வாசற்படியில் யாரோ மூன்று குட்டிகளைச் சாக்கில் கட்டி விட்டுச் சென்றபோதுதான், கால்நடை மருத்துவர் ஒருவரிடம் முறையைக் கேட்டறிந்தேன்.

தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றும் வழக்கமுடையது. ஆதலால் குட்டியைக் கண்டதும் தூக்கிவிடாமல், சில மணி நேரம் தொலைவிலிருந்து பார்க்க வேண்டும். தாய் இல்லை என்பது உறுதியானால் முதல் தேவை பாலன்று, சூடு. குளிர்ந்த உடலில் பால் செரிக்காது. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, குட்டியின் உடல் சூடானபிறகே ஊட்ட வேண்டும். பசும்பால் பேதியை உண்டாக்கும். சின்னஞ்சிறு குட்டிக்குப் பேதியே எமன். கால்நடை மருந்துக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால் மாவு கிடைக்கிறது. அதைக் கொதித்தாறிய நீரில் கரைத்து, வெதுவெதுப்பாக, சொட்டுக் குழாயாலோ ஊசி நீக்கிய சிரிஞ்சாலோ சொட்டுச் சொட்டாக ஊட்டலாம். குட்டி குப்புறப் படுத்துத் தலையைச் சற்றே தூக்கியிருக்க வேண்டும். மல்லாக்கக் கிடத்தினால் பால் நுரையீரலில் இறங்கும். எங்கள் குட்டி போனது அவ்வாறே.

முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கொருமுறை ஊட்ட வேண்டும், நள்ளிரவிலும்கூட. தஹஜ்ஜுதுக்கு எழுபவர்களுக்கு இது சுமையாகாது. பிறகு படிப்படியாக இடைவெளியை நீட்டலாம். தாய் நாவால் நக்கினால்தான் பிஞ்சுக் குட்டிக்கு மலமும் சிறுநீரும் கழியும். ஆகவே மூன்று வாரம்வரை, ஊட்டியபின் வெந்நீரில் நனைத்த பஞ்சால் பின்புறத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். அந்தச் சிறுநீர் நஜீஸ். கையையும் ஆடையையும் கழுவிவிட்டே தொழ வேண்டும். பூனை வாய்வைப்பது அவ்வாறன்று. அபூகதாதா (ரலி) அவர்கள் தம் உளூ நீரைப் பூனை குடிப்பதற்குப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தது நாம் அறிந்ததே.

பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் குட்டி, நாள்தோறும் 10 கிராமளவு கூட வேண்டும். நான்காம் வாரத்தில் பால்குடி மறக்கச் செய்யும் வேலை தொடங்குகிறது. முள் நீக்கி வேகவைத்த மீனையோ கோழிக் கறியையோ உப்பும் வெங்காயமும் இன்றி மசித்து, அதே பாலில் குழைத்துத் தட்டையான தட்டில் வைக்க வேண்டும். முதலில் அது காலை வைத்து மிதிக்கும், மூக்கை நனைத்துத் தும்மும், பொறுக்க வேண்டும். எட்டு வாரத்தில் பால் நின்று, இறைச்சியும் நீருமே போதும் என்றாகிவிடும். பால்சோறு மட்டும் போட்டு வளர்ப்பது அன்பாகாது. அல்லாஹ் பூனையை இறைச்சி உண்ணும் பிராணியாகவே படைத்திருக்கிறான். மூன்றில் ஒன்று இறந்தது. இரண்டு பிழைத்தன.

அபூஹுரைரா (ரலி) அவர்களோ தம் தாயின் பாசத்தை முதுமைவரை மறக்கவில்லை. பசியோடு இருந்த ஒரு வேளையில் நாயகம் (ஸல்) அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரீச்சம்பழம் கொடுக்க, ஒன்றை உண்டு மற்றொன்றை மடியில் வைத்துக்கொண்டார்கள். தாய்க்காக என்றறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், அதையும் உண்ணச் செய்து, தாய்க்கென இரண்டு தனியே கொடுத்தார்கள். நெடுநாள் இஸ்லாத்தை ஏற்காதிருந்த அத்தாய், நாயகம் (ஸல்) அவர்களின் துஆவுக்குப்பின் கலிமா மொழிந்தபோது, மகன் ஆனந்தத்தால் அழுதபடி திருச்சந்நிதிக்கு ஓடினார்கள். தாய் உயிரோடு இருந்தவரை, அவரைப் பேணுவதற்காக ஹஜ்ஜுக்கும் செல்லாதிருந்தார்கள்.

கலீபா உமர் (ரலி) அவர்கள் பஹ்ரைனுக்கு ஆளுநராக அவர்களை அனுப்பினார்கள். திரும்பியபோது கையிலிருந்த பொருளுக்குக் கணக்கும் கேட்டார்கள். மீண்டும் அப்பதவியை அளிக்க முன்வந்தபோது அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஏற்கவில்லை. மதீனாவின் பொறுப்பைத் தற்காலிகமாக வகித்த நாளிலும் முதுகில் விறகுக் கட்டைச் சுமந்து கடைவீதியில் நடந்தார்கள். தாமும் மனைவியும் பணியாளரும் இரவை மூன்றாகப் பகுத்துக்கொண்டு, ஒருவர் தொழுதபின் மற்றவரை எழுப்புவது அவர்கள் வீட்டு வழக்கம்.

இறுதி நோயின்போது அவர்கள் அழுதார்கள். உலகைப் பிரிவதற்காக அன்று, பயணம் நெடியது, கட்டுச்சோறு குறைவு என்பதற்காகவே அழுவதாகச் சுற்றியிருந்தோரிடம் தெரிவித்தார்கள். ஹிஜ்ரி 59இல், 57 என்றும் 58 என்றும் கூறுவோர் உண்டு, 78ஆம் வயதில் மறைந்து, ஜன்னத்துல் பகீஇல் அடங்கினார்கள்.