சாவக மன்னன் சந்திரபானு

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே வருவோர் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, நுணாவிலைத் தாண்டிச் சாவகச்சேரியை அடைவர். இவ்வூரிலே பிறந்து, இவ்வூர்க் கல்லூரியிலே கல்வி பயின்று, பின்னர்ப் பல திசைகளிலும் சென்று வாழ்கின்ற நம் பழைய மாணவருள் எத்தனை பேர் இவ்வூர்ப் பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருப்பர்? சாவகர் வாழ்ந்த சேரி சாவகச்சேரியாயிற்று என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. நாவற்குழியை அடுத்துள்ள சாவகன்கோட்டை என்னும் இடப்பெயரும் அதற்குச் சான்றாகக் காட்டப்படும். சாவகர் என்போர் கடல் கடந்த மலாய நாட்டவர். மணிமேகலைக் காப்பியத்திலே சாவகநாடு பேசப்படுவதால், அந்நாடு தமிழர்க்குப் பண்டுதொட்டே அறிமுகமானது என்பது தெளிவு. அச்சாவகரை ஈழத்துக்கு அழைத்து வந்த மன்னன் சந்திரபானு. அவன் வாழ்வு வீரமும் விழைவும் நிறைந்தது. ஆயின் அயல்நாட்டுறவு என்னும் அருங்கலையிலே அவன் கண்ட தோல்வியே அவ்வாழ்வின் முதன்மையான பாடமாகும்.

சந்திரபானுவின் நாடு தாம்பிரலிங்கம். இன்று தாய்லாந்தின் தென்பகுதியிலே நக்கோன் சி தம்மராட் என வழங்கும் நகரைச் சூழ்ந்த நிலமே அது. கிழக்கே சீனக் கடலும் மேற்கே வங்கக் கடலும் அமைய, அவற்றின் நடுவே நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பகுதியில் அந்நாடு இருந்தமையால், இரு கடல் வாணிகத்திலும் அதற்குப் பங்கு உண்டாயிற்று. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழன் கடாரத்தின் மேற் படை செலுத்தியபோது வென்ற இடங்களுள் இதுவும் ஒன்றாக அவன் மெய்க்கீர்த்தியிலே இடம்பெற்றுள்ளது. பின்னர் நெடுங்காலம் ஸ்ரீவிசயப் பேரரசின் கீழ் அடங்கியிருந்த இச்சிற்றரசு, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பேரரசு தளர்வுற்ற காலத்திலே தலை நிமிர்ந்தது.

அவ்வாறு தலை நிமிர்த்தியவன் சந்திரபானுவே. சையா என்னும் இடத்திலே கிடைத்த 1230ஆம் ஆண்டின் வடமொழிக் கல்வெட்டு அவனைத் தாம்பிரலிங்கத்தின் தலைவன் என்றும், பதும வமிசத்தில் உதித்தவன் என்றும், புத்த சமயத்துக்கு ஆக்கந் தேடியவன் என்றும், அரசியல் நீதியில் அசோகனை ஒத்தவன் என்றும் புகழ்கின்றது. ஸ்ரீதருமராசன் என்னும் விருதுப் பெயரும் அவனுக்கு உண்டு. கலிங்கப் போரின் பின் வாளைக் கீழே வைத்து, அறத்தூதரைப் பிறநாடுகளுக்கு அனுப்பியவன் அசோகன். அவனோடு ஒப்பிடப்பட்ட சந்திரபானுவோ வாளோடு பிறநாடு புகுந்தான். கல்வெட்டுப் புகழுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

இனி, அவன் இலங்கையை நாடியதன் காரணம் யாது? அக்காலத்திலே புத்த சமய நாடுகள் அனைத்துக்கும் இலங்கை புனித பூமியாக விளங்கிற்று. புத்தரின் தந்த தாதுவும் பிச்சைப் பாத்திரமும் இங்கே இருந்தன. அவற்றை உடைய மன்னனே அரசுரிமைக்கு உரியவன் என்னும் நம்பிக்கை வேரூன்றியிருந்தது. புதிதாக உயர்ந்த அரசன் ஒருவனுக்குப் பிற அரசரிடையே மதிப்புத் தரவல்ல பொருள் அவற்றினும் சிறந்தது வேறில்லை. அன்றியும் இலங்கை அப்போது பிளவுண்டு கிடந்தது. 1215ஆம் ஆண்டிலே கலிங்க மாகன் படையெடுத்துப் பொலனறுவையைக் கைப்பற்றினான். சிங்கள அரசு தெற்கே ஒதுங்கித் தம்பதெனியாவைத் தலைநகராகக் கொண்டது. அங்கே 1236 முதல் ஆண்டவன் கல்வியிற் சிறந்த இரண்டாம் பராக்கிரமபாகு. வடக்கில் ஒருவரும் தெற்கில் ஒருவருமாய் நின்ற இத்தீவிலே தனக்கும் ஓர் இடம் உண்டெனச் சந்திரபானு கருதியிருத்தல் இயல்பே.

1247ஆம் ஆண்டு, பராக்கிரமபாகுவின் 11ஆம் ஆட்சியாண்டிலே, சாவகப் படை இலங்கைக் கரையில் இறங்கியது. தாங்களும் புத்த சமயத்தவரே என்று சொல்லி அவர்கள் வந்தனர் எனச் சூளவம்சம் கூறுகின்றது. சமயத்தை முன்னிறுத்தி வந்தோரின் கையிலே நஞ்சு தோய்ந்த அம்புகளை ஊதி எய்யும் குழாய்கள் இருந்தன. மன்னனின் மருமகனாகிய வீரபாகு படைகொண்டு எதிர்த்துச் சாவகரை முறியடித்தான். முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. ஒரு சமயத்தார் என்னும் உறவைச் சந்திரபானு தானே பழுதாக்கினான். அன்பின் பெயரால் வந்து அம்பை எய்தவனை மறுமுறை யார் நம்புவர்?

இதற்கு முன்னர் ஸ்ரீவிசய மன்னர் கையாண்ட முறையை இங்கு ஒப்பிட்டு நோக்குதல் தகும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, நாகபட்டினத்தில் புத்த விகாரம் ஒன்று எடுக்க விரும்பிய அவர்கள், சைவனாகிய முதலாம் இராசராச சோழனின் இசைவைப் பெற்றனர். அவ்விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே சோழன் நிவந்தமாக வழங்கினான். வேறு சமயத்து மன்னனிடமிருந்து வேண்டுகோளாற் பெற்றதைத் தன் சமயத்து மன்னனிடமிருந்து சந்திரபானு படையாற் பெற இயலவில்லை.

தோல்வியுற்ற சந்திரபானு முற்றாகத் தன் நாட்டுக்கு மீண்டானல்லன். அவன் வடபகுதியிலே கால் ஊன்றி, யாழ்ப்பாணக் குடாநாட்டையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் ஆண்டான் என்பது வரலாற்றாசிரியர் துணிபு. பாண்டியர் கல்வெட்டுக்கள் ஈழத்திலே சாவக மன்னன் ஒருவன் ஆண்டமையைக் குறிப்பிடுதலும், சாவகர் பெயர் தாங்கிய நம் ஊரும் அத்துணிபுக்கு ஆதாரங்களாம்.

இவ்வேளையில் பாக்குநீரிணைக்கு அப்பால் பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. 1251ஆம் ஆண்டில் முடிசூடிய சடாவர்மன் சுந்தரபாண்டியன் சோழரை அடக்கிப் போசளரைப் பின்வாங்கச் செய்து தென்னாட்டின் தனிப் பெருவேந்தனானான். ஈழத்திலிருந்தும் மணிகளையும் யானைகளையும் அவன் திறையாகக் கொண்டான். வடவீழத்து அரசன் எவனாயினும் மதுரையின் மனநிலையை அறியாது ஓர் அடியும் எடுத்து வைத்தல் இயலாத நிலை உண்டாயிற்று. சிறிய நாட்டின் அயல்நாட்டுக் கொள்கை தன் விருப்பத்தினால் மட்டும் அமைவதன்று. அருகிலுள்ள வலியோன் எதைப் பொறுப்பான், எதைப் பொறான் என்னும் கணக்கினாலும் அமைவது. அக்கணக்கிலேதான் சந்திரபானு பிழைத்தான்.

1262ஆம் ஆண்டளவில் அவன் மீண்டும் தெற்கு நோக்கிப் புறப்பட்டான். இம்முறை அவன் ஆயத்தம் பெரிது. பாண்டி நாட்டிலும் சோழ நாட்டிலும் தமிழ்ப் படைவீரரைத் திரட்டினான், மாதோட்டத்தில் இறங்கினான், பதி, குருந்தி முதலிய பகுதிகளில் வாழ்ந்த சிங்களரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான். இவ்வளவிலே அவனுடைய அரசியல் திறமை வெளிப்படுகின்றது. ஆனால், பின்னர் யாப்பகூவாவை அடைந்து அவன் அனுப்பிய தூது அத்திறமை அனைத்தையும் வீணாக்கிற்று. தந்த தாதுவையும் பாத்திரத்தையும் அரசையும் ஒருங்கே தருக, அன்றேல் போருக்கு வருக என்பதே அத்தூதின் பொருள். பேசித் தீர்ப்பதற்கு அதிலே இடமில்லை. எதிரி சிறிது விட்டுக்கொடுத்து மானத்தோடு பிழைப்பதற்கு வழியில்லை. உயிரினும் மேலாகப் போற்றிய பொருளையும் முடியையும் ஒருசேரக் கேட்டால் எவனும் போரையே தெரிந்துகொள்வான். பராக்கிரமபாகுவின் மைந்தன் விசயபாகுவும் வீரபாகுவும் ஒன்றுகூடிச் சாவகப் படையைச் சூழ்ந்து தாக்கி அழித்தனர்.

சந்திரபானுவின் முடிவைப் பற்றி இரு வரலாறுகள் உள. யானைகளையும் மகளிரையும் அரச சின்னங்களையும் விட்டு அவன் ஓடினான் எனச் சூளவம்சம் கூறும். பாண்டியர் கல்வெட்டுக்களோ, சடாவர்மன் வீரபாண்டியன் சாவகனுடைய முடியையும் தலையையும் கொண்டதாகக் கூறும். ஈழத்து அரசர் இருவருள் ஒருவனை வீரபாண்டியன் கொன்றான் என்னும் செய்தியும் அக்கல்வெட்டுக்களில் உண்டு. கொல்லப்பட்டவன் சந்திரபானுவே என அறிஞர் கொள்வர். ஒரே நிகழ்ச்சியை ஒவ்வோர் அரசவையும் தன் பெருமைக்கு ஏற்பவே எழுதி வைத்தது. சிங்கள வரலாறு பாண்டியனின் உதவியைப் பேசாது. பாண்டியன் கல்வெட்டு சிங்கள இளவரசரின் வீரத்தைப் பேசாது. இரண்டையும் சேர்த்து வாசிப்போர்க்கே உண்மை புலனாகும்: வடக்கும் தெற்கும் ஒரு கையில் அமைவதைப் பாண்டியர் விரும்பினரல்லர். இலங்கை முழுவதையும் ஆளும் ஒருவன் திறை தர மறுக்கலாம். இருவர் இருப்பின் இருவரும் மதுரையை நோக்கியே நிற்பர்.

இதன் பின் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்கு உரியது. குடுமியான்மலையிலுள்ள வீரபாண்டியனின் கல்வெட்டு, திருகோணமலையிலே பாண்டியரின் மீன் இலச்சினை பொறிக்கப்பட்டதைக் கூறியபின், சாவகனின் மைந்தனைப் பற்றிச் சொல்கின்றது. முதலில் பணியாதிருந்த அம்மைந்தன், பின்னர்ப் பாண்டியன் திருமுன் வந்து வணங்கினான். யானைகளைத் திறையாக அளித்தான். பாண்டியன் அவனுக்குச் சிறப்புக்கள் செய்து, அவன் தந்தை ஆண்ட நாட்டை அவனுக்கே மீட்டும் கொடுத்தான். திருகோணமலைக் கோட்டை வாயிலிலே இன்றும் காணப்படும் இணைக்கயல் சின்னங்கள் அக்காலத்தை நினைவூட்டுகின்றன. வாளெடுத்த தந்தை முடியோடு தலையும் இழந்தான். பணிந்த மைந்தன் இழந்த நாட்டைப் பெற்றான். பணிவு மானக்கேடென்று இளைஞர் கூறலாம். ஆயினும், போருக்குப் பின் வயலும் வீடும் வாழ்வும் எஞ்சிநின்ற குடிகளுக்கு அப்பணிவே காவலாயிற்று என்பதை மறுக்க முடியாது.

அதே நூற்றாண்டில் இலங்கையரசர் சிலர் தூதினால் ஆற்றிய செயல்களையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். முதலாம் புவனேகபாகு 1283ஆம் ஆண்டிலே எகிப்து நாட்டுச் சுல்தானிடம் தூதர் குழுவை அனுப்பினான். ஓர்முசுத் துறைவழியாகக் கெய்ரோ நகரை அடைந்த அத்தூதர், முத்தும் மணியும் யானையும் கறுவாவும் தம் நாட்டில் உண்டென உரைத்து, நேர் வாணிகத்தை நாடினர். பெரிய அயலவனை மட்டும் நம்பியிராது தொலைவிலும் துணை தேடும் அறிவு அச்செயலிலே காணப்படுகின்றது. சீனப் பேரரசன் குப்ளாய்கானும் 1284ஆம் ஆண்டிலே புனிதப் பொருள்களை வேண்டித் தூதரை அனுப்பினான் என மார்க்கோ போலோ எழுதியுள்ளார். அவன் படை அனுப்பவில்லை; வேண்டிக் கேட்டான்; சில பொருள்களைப் பெற்றான்.

இவற்றினும் சிறந்தது மூன்றாம் பராக்கிரமபாகுவின் செயல். பாண்டியரின் படைத்தலைவனாகிய ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகூவாவைத் தாக்கித் தந்த தாதுவைக் கவர்ந்து சென்று பாண்டியன் குலசேகரனிடம் ஒப்புவித்தான். அதனைப் படையால் மீட்க வலியில்லை என்பதை நன்கறிந்த பராக்கிரமபாகு, தானே பாண்டியன் அவைக்குச் சென்றான். நாடோறும் உரையாடி அவனை மகிழ்வித்து, தந்த தாதுவைத் திரும்பப் பெற்று மீண்டான். எந்தப் பொருளுக்காகச் சந்திரபானு இருமுறை படையெடுத்து அழிந்தானோ, அதே பொருளை இவன் இன்சொல்லினால் பெற்றான். தன் வலியை உள்ளபடி அறிந்தமையே இவ்விருவர்க்கும் இடையிலுள்ள வேறுபாடு.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பவற்றுக்குத் தனித்தனி அதிகாரம் வகுத்து, தூதுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தமையின் பொருத்தம் சந்திரபானு வரலாற்றால் விளங்கும். அவன் காலத்தை ஓரளவு அறிந்தான். பிளவுண்ட நாட்டிலே புகுந்தான். இடத்தையும் அறிந்தான், மாதோட்டத்துறையின் பயனை உணர்ந்தான். ஆனால் தன் வலியையும், எதிரியின் வலியையும், எதிரிக்குத் துணையாவோர் வலியையும் சீர்தூக்கினானல்லன். தூதனின் நாவை வாளின் நுனியாக்கினான். வேண்டுவது எது, விடத்தக்கது எது என்னும் வரையறையின்றி அனைத்தையும் கேட்டு அனைத்தையும் இழந்தான்.

எனினும் அவன் பெயரை நாம் இகழ்தல் தகாது. சிற்றரசாய் அடங்கிக் கிடந்த நாட்டை உயர்த்தியவன். பெருங்கடலைக் கடந்து வந்தவன். பல இனத்தாரை ஒரு படையிலே சேர்க்கும் ஆற்றல் படைத்தவன். அவனுடன் வந்தோர் தாய்நாடு திரும்பாது இந்நிலத்திலே தங்கி, பனையோடும் வயலோடும் உறவாடி, தமிழ் பேசித் தமிழராகவே கலந்திருத்தல் கூடும். அவர் மொழி மறைந்தது, முகம் மறைந்தது, ஊர்ப்பெயர் ஒன்றே எஞ்சிற்று. வாளாற் கொண்ட நாடு கைவிட்டுப் போயிற்று. அயலாரோடு கலந்து வாழ்ந்த சேரியோ எழுநூறாண்டு கடந்தும் நிலைத்து நிற்கின்றது.

நம் கல்லூரி மாணவர் பலர் இன்று உலகின் பல நாடுகளிலே குடியேறி வாழ்கின்றனர். சென்ற நாட்டிலே எவ்வாறு வேண்டுவது, எதை விட்டுக்கொடுப்பது, எதை விடாது காப்பது என்னும் வினாக்கள் அவர்க்கும் உரியன. தம் ஊர் யாதென அயலார் வினவுந்தோறும் அவர் சொல்லும் பெயரிலேயே கடல் கடந்து வந்த மற்றொரு கூட்டத்தாரின் கதை அடங்கியிருக்கின்றது. அக்கதையை அறிந்து சொல்வாராயின், சந்திரபானுவின் வாழ்வு அவர்க்கு நல்லதோர் ஆசிரியனாகும்.