பகா எண்களும் இராமானுஜனும்

குடவாசலுக்கும் குடந்தைக்கும் இடைப்பட்ட தொலைவு பெரிதன்று. அந்நகரின் சாரங்கபாணி சன்னிதித் தெருவில், எளிய ஓட்டு வீட்டின் திண்ணையில் சிலேட்டுப் பலகையோடு அமர்ந்திருந்த இளைஞரே பின்னாளில் உலகம் போற்றிய கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவர் வென்ற களங்கள் பல. ஒரு களத்தில் அவர் இடறினார். இடறிய அக்களத்திலேயே பின்னர் வென்றார். பகா எண்களே அக்களம். கவிதை படைப்போர்க்கு அவருடைய புகழைக் காட்டிலும் இவ்வரலாறே நெருக்கமானது எனக் கருதுகிறேன்.

1887 திசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் குடந்தைத் துணிக்கடையொன்றில் கணக்கர். பள்ளிப் பருவத்தில், 1903ஆம் ஆண்டில், கார் என்பார் தொகுத்த கணித நூல் அவர் கைக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான முடிபுகளை அடுக்கிய அந்நூலில் விரிவான நிறுவல்கள் இல்லை. முடிபை எழுதிவிட்டு வழியை விட்டுவிடும் இயல்பு அவரிடமும் படிந்தது. கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதொன்றால் வகுபடாத, ஒன்றினும் பெரிய எண் பகா எண். 2, 3, 5, 7, 11 எனத் தொடங்கும் அவ்வரிசைக்கு முடிவில்லை. 2024இல் கண்டறியப்பட்ட பகா எண்ணொன்று 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. அடுத்தது எங்கே வரும் என எளிதில் சொல்லவொண்ணாத இவ்வெண்கள், குறித்த ஓர் எல்லைக்குள் எத்தனை உள்ளன என்பதை ஏறத்தாழத் துல்லியமாகத் தரும் சூத்திரம் தம்மிடம் உள்ளது என்று, 1913 சனவரி 16 நாளிட்ட மடலில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதினார். ஹார்டி வியந்தார், நிறுவலையும் கேட்டார். ஆய்ந்தபோது, அச்சூத்திரம் இராமானுஜன் கருதிய அளவுக்குத் துல்லியமானதன்று எனத் தெரிந்தது. ரீமானின் சார்புக்குரிய சிக்கலெண் சுழிகளை அவர் கருத்திற் கொள்ளவில்லை. ஈடற்ற உள்ளொளியும் அங்கே வழி தவறியது.

1914இல் கடல் கடந்தார். ஹார்டியின் துணையோடு நிறுவலின் ஒழுங்கைப் பயின்றார். 1918இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பெற்றார். நோயோடு 1919இல் தாயகம் திரும்பினார்.

அவ்வாண்டே இந்தியக் கணிதக் கழக இதழில் அவருடைய இரண்டு பக்கக் கட்டுரை வெளிவந்தது. ஒன்றினும் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் உண்டு என்பது 1845இல் பெர்த்ராண்ட் கூறிய கருத்து. செபிசேவ் முன்னரே நிறுவியிருந்த இதனை இராமானுஜன் மிகச் சுருங்கிய வழியில் நிறுவினார். அதற்கு மேலும் சென்றார். ஓர் எண்ணுக்கும் அதன் பாதிக்கும் இடையே, அவ்வெண்ணையும் சேர்த்தெண்ணினால், 11 முதல் குறைந்தது இரண்டு, 17 முதல் மூன்று, 29 முதல் நான்கு, 41 முதல் ஐந்து பகா எண்கள் உண்டெனக் காட்டினார். 2, 11, 17, 29, 41 என நீளும் அவ்வரிசை இன்று இராமானுஜன் பகா எண்கள் எனப்படுகிறது.

1920 ஏப்பிரல் 26 அன்று, சென்னைச் சேத்துப்பட்டில், 32ஆம் வயதில் அவர் மறைந்தார்.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் கவிதைகள் வாசிக்கப்பெறுகின்றன, திருத்தங்களும் சொல்லப்பெறுகின்றன. திருத்தம் கேட்டு முகம் வாடும் நண்பர்க்கு நான் சொல்ல விழைவது இதுவே: உள்ளத்தில் தோன்றிய ஒளி உண்மைதானா என்று கேட்கும் ஒருவர் வாய்ப்பதும் பேறு. குடந்தைத் திண்ணையில் பிறந்த ஒளிக்கு அப்பேறு வாய்த்தது.