54 ஆண்டுகள், 8 மாதங்கள், 6 நாட்கள்... மராத்தானை முடித்த ஷிஸோ கனகுரி: அன்று வெயிலில் நடந்தது என்ன?

மராத்தான் ஓடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஓரளவு பயிற்சி எடுத்த அமெச்சூர் ஒருவருக்கு 4 மணி நேரம், 5 மணி நேரம். ஜப்பானைச் சேர்ந்த ஷிஸோ கனகுரிக்கு ஆனது 54 ஆண்டுகள், 8 மாதங்கள், 6 நாட்கள், 5 மணி, 32 நிமிடங்கள், 20.3 விநாடிகள்.

சமூக ஊடகங்களில் இந்தத் தகவல் அடிக்கடி சுற்றும். ஓட்டத்தின் நடுவே யாரோ ஜூஸ் கொடுத்தார்கள், குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார், எழுந்ததும் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார், ஸ்வீடனில் 50 வருஷம் அவரைத் தேடினார்கள் என்று காமெடி ட்ராக் மாதிரி சொல்வார்கள்.

கதையில் பாதி உண்மைதான். ஆனால் அதே நாளில், அதே பாதையில் இன்னொரு ஓட்டக்காரரும் சுருண்டு விழுந்தார். அவர் மறுநாள் விடியற்காலையில் இறந்துபோனார். நவீன ஒலிம்பிக்கில் போட்டியின்போது விழுந்து உயிரிழந்த முதல் வீரர் அவர். இதையும் சேர்த்துச் சொன்னால் ஜூஸ் கதை அவ்வளவு சிரிப்பாக இருக்காது.

பள்ளிக்கூடம் போக 6 கி.மீ., வர 6 கி.மீ.

1891 ஆகஸ்ட் 20-ல் ஜப்பானின் தெற்கே, குமமோட்டோ மாகாணத்தின் ஒரு கிராமத்தில் கனகுரி பிறந்தார். சின்ன வயதில் நோஞ்சான். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மலைப்பாதையில் சுமார் 6 கிலோமீட்டர். மற்ற பிள்ளைகளுடன் சேர்ந்து ஓடியே போய், ஓடியே திரும்புவார். கோச் கிடையாது, ஸ்டாப்வாட்ச் கிடையாது. அவருக்குக் கிடைத்த முதல் பயிற்சி அதுதான்.

ஆசிரியர் ஆவதற்காக டோக்கியோவுக்குப் படிக்க வந்தார். அந்தக் கல்லூரியின் முதல்வர் ஜிகோரோ கானோ. ஜூடோவை உருவாக்கியவரும், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இடம்பெற்ற முதல் ஆசியரும் அவர்தான். ஜப்பானை முதன்முறையாக ஒலிம்பிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த மனிதர்.

1911 நவம்பரில் ஹனேடாவில் தேர்வுப் போட்டி நடந்தது. 25 மைல் ஓட்டம். கனகுரியின் காலில் இருந்தது ‘தாபி’. கட்டைவிரலுக்கு மட்டும் தனிப் பிரிவு வைத்துத் தைத்த ஜப்பானியத் துணிக் காலணி அது. பாதி வழியில் கிழிந்துபோக, வெறுங்காலோடு ஓடி முதலிடம் பிடித்தார். நேரம் 2 மணி 32 நிமிடம் 45 விநாடி. அன்றைய உலக சாதனையைவிட 27 நிமிடம் குறைவு என்று சொல்லப்பட்டது! பாதையைச் சரியாக அளந்தார்களா என்ற சந்தேகம் இன்றுவரை இருக்கிறது. அது போகட்டும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு: அன்று ஹனேடாவில் குளிரும் மழையும். வெயிலில் அவர் உடம்பு என்ன செய்யும் என்று யாருமே சோதித்துப் பார்க்கவில்லை.

17 நாள் பயணம், தூங்கவிடாத வெளிச்சம்

பயணச் செலவை அரசாங்கம் ஏற்கவில்லை. பெரும்பகுதியைச் சக மாணவர்கள் வசூல் செய்து கொடுத்தார்கள். 1912 மே மாதம் கிளம்பிய அணியில் இருந்த வீரர்கள் மொத்தமே 2 பேர். கனகுரி, இன்னொருவர் குறுந்தூர ஓட்டக்காரர் யஹிகோ மிஷிமா. கப்பலில் விளாடிவாஸ்டாக், அங்கிருந்து சைபீரியா ரயில். ஸ்டாக்ஹோம் போய்ச் சேர இரண்டரை வாரம் ஆனது.

போய்ச் சேர்ந்தும் நிம்மதி இல்லை. ஸ்வீடனில் ஜூன், ஜூலையில் ராத்திரியே சரியாக இருட்டாது. இருட்டினால்தான் தூக்கம் வரும் என்று பழகிய ஆளுக்கு அது பெரிய தண்டனை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. கூட வந்த பயிற்சியாளரோ காசநோயால் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். 20 வயதுப் பையன், தனக்குத் தெரிந்ததை வைத்துத் தானே பயிற்சி எடுத்துக்கொண்டான்.

தெரிந்தது என்றால்? அந்தக் காலத்து மராத்தான் அறிவில் முக்கியமானது, தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பது. உடம்பில் நீர் குறைந்தால் வியர்வை குறையும், எடை குறையும், ஓட்டம் லேசாகும் என்று நம்பினார்கள். கனகுரியும் தண்ணீர் குடிக்காமல் சில நாட்கள் பயிற்சி செய்து பார்த்திருக்கிறார். உடம்பு கெஞ்சியது. ஒருகட்டத்தில் தாங்க முடியாமல் சர்க்கரை கரைத்த தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, அந்த முறையையே தலைமுழுகினார்.

1912 ஜூலை 14

அன்று ஸ்டாக்ஹோமில் சுமார் 32 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் 40 டிகிரியைப் பார்க்கிற நமக்கு, 32 எல்லாம் ஒரு வெயிலா என்று தோன்றும். ஆனால் ஓடுகிறவருக்குக் கணக்கு வேறு.

ஓடும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. கால் பங்குதான் நம்மை முன்னே தள்ளுகிறது. அதாவது வெளியே வெயில், உள்ளே அடுப்பு. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் முக்கிய வழி வியர்வை. அதுவும் வியர்வை வழிந்தால் போதாது, காற்றில் உலர வேண்டும். உலரும்போதுதான் தோல் குளிரும். இன்னொரு பிரச்சினை ரத்தம். ஓடுகிற தசைக்கும் ரத்தம் வேண்டும், சூட்டை வெளியே தள்ளத் தோலுக்கும் ரத்தம் வேண்டும். வியர்த்து நீர் இழந்த உடம்பில் இரண்டுக்கும் போதுமான ரத்தம் இருக்காது. இதயம் வேகவேகமாகத் துடித்துச் சமாளிக்கப் பார்க்கும். முடியாதபோது உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறும். இதுதான் ஹீட் ஸ்ட்ரோக்.

போட்டி தொடங்கியது மதியம் 2 மணிக்குச் சற்று முன்பு. சரியான உச்சி வெயில். ஓடத் தொடங்கியவர்கள் 68 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓட்டத்தை முடிக்கவே இல்லை.

முன்னணியில் இரண்டு தென்னாப்பிரிக்கர்கள். கடைசிக் கட்டத்தில் அவர்களில் ஒருவரான கிறிஸ் கிட்ஷாம் தண்ணீர் குடிக்க நின்றார். கூட ஓடிய கென் மெக்கார்தர் தனக்காகக் காத்திருப்பார் என்று எதிர்பார்த்தார். மெக்கார்தர் நிற்கவில்லை, தங்கம் அவருக்குப் போனது. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தவருக்கு வெள்ளி! தண்ணீரைத் தொடாமல் ஓடுவதே வீரம் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது.

போர்ச்சுகலின் ஃபிரான்சிஸ்கோ லாசரோ லிஸ்பனில் மர வேலை பார்த்த இளைஞர். தொடக்க விழாவில் தன் நாட்டுக் கொடியைச் சுமந்தவர். வெயில் சுடாமல் இருக்க உடம்பெல்லாம் மெழுகு போன்ற கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடினார் என்று சொல்லப்படுகிறது. அப்படியென்றால் வியர்வை உலர வழியே இல்லை. அடுப்பின் மேல் மூடி போட்டு இறுக்கியதற்குச் சமம். சுமார் 30-வது கிலோமீட்டரில் விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காப்பாற்ற முடியவில்லை.

கனகுரிக்கு அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, 26 கிலோமீட்டரைத் தாண்டிய இடத்தில், நினைவு தடுமாற ஆரம்பித்தது. சொலென்டூனா என்ற ஊர்ப்பகுதி அது. சாலையோரம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் சிலர் கூடியிருந்தார்கள். தள்ளாடி உள்ளே வந்த இளைஞரை அந்தக் குடும்பம் உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, ஓய்வெடுக்க இடம் கொடுத்தது. அதன்பின் ஓட்டத்தைத் தொடராமல் ரயிலேறி ஸ்டாக்ஹோம் திரும்பினார். விலகிவிட்டதை அதிகாரிகளிடம் முறையாகத் தெரிவிக்கவில்லை. ‘காணாமல் போன ஜப்பானியர்’ கதை பிறந்தது அப்படித்தான்.

இன்று வெயிலில் ஓடி மயங்குகிற ஒருவருக்கு என்ன செய்யச் சொல்கிறார்கள்? உடனே நிறுத்து, நிழலுக்குக் கொண்டுபோ, உடம்பைக் குளிர வை, நினைவு தெளிவாக இருந்தால் குடிக்கக் கொடு, இல்லையென்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அந்தத் தோட்டத்துக்காரர்கள் 1912-ல் இதில் பெரும்பகுதியைத் தெரியாமலே செய்துவிட்டார்கள்.

அவமானமும் ஆராய்ச்சியும்

ஆனால் கனகுரி அதை ‘தப்பித்தேன்’ என்று எடுத்துக்கொள்ளவில்லை. நண்பர்கள் காசு சேர்த்து அனுப்பினார்கள், தன் நாடு பங்கேற்ற முதல் ஒலிம்பிக், எல்லாவற்றிலும் மண்ணைப் போட்டுவிட்டோம் என்ற வேதனையைத்தான் மறுநாள் நாட்குறிப்பில் எழுதினார். கூடவே, மராத்தான் நுட்பத்தை முழுசாகக் கற்றுத்தான் இந்த அவமானத்தைத் துடைக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார்.

சொன்னதைச் செய்தார். ஊர் திரும்பியபின் கோடையில் தத்தேயாமா கடற்கரைக்குப் போய், தொப்பிகூட இல்லாமல் கொளுத்துகிற வெயிலில் ஓடிப் பழகினார். முதலில் தலை சுற்றியது, போகப்போகப் பழகியது. இதற்கு இன்று ஒரு பெயர் உண்டு: ஹீட் அக்ளிமடைசேஷன், அதாவது வெப்பத்துக்கு உடம்பைப் பழக்குவது. தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் உழைத்தால், 1 முதல் 2 வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரும், அதில் உப்பு குறையும். கனகுரியிடம் இந்த விளக்கமெல்லாம் இல்லை. விழுந்த அனுபவம் மட்டும்தான் இருந்தது. (அவர் மாதிரி எடுத்த எடுப்பில் உச்சி வெயிலில் இறங்குவதை எந்த மருத்துவரும் ஏற்க மாட்டார். படிப்படியாகத்தான் நேரத்தைக் கூட்ட வேண்டும்.)

1916 பெர்லின் ஒலிம்பிக்தான் இலக்கு. 24, 25 வயது, உடம்பு உச்சத்தில் இருந்தது. முதல் உலகப்போர் அந்த ஒலிம்பிக்கையே ரத்து செய்தது. அவர் வாழ்க்கையின் பெரிய இழப்பு ஸ்டாக்ஹோம் அல்ல, இதுதான் என்று தோன்றுகிறது. அடுத்து 1920-ல் ஆண்ட்வெர்ப் போனபோது வயது 29 ஆகிவிட்டது. வெயிலுக்காக இத்தனை வருஷம் தயாரானவருக்கு அன்று கிடைத்தது குளிரும் மழையும்! 2 மணி 48 நிமிடம் 45 விநாடியில் ஓடி 16-வது இடம் பிடித்தார். அதே பந்தயத்தில் இந்தியாவின் ஃபடெப்பா சௌகுலே 19-வதாக வந்தார். 1924 பாரிஸிலும் கனகுரி ஓடினார், முடிக்க முடியவில்லை.

இங்கே ஒரு விஷயம். 1920-லும் 1924-லும் ஒலிம்பிக்கில் பெயர் கொடுத்து ஓடிய மனிதரை 50 வருஷம் தேடினார்கள் என்பது எப்படிச் சரியாகும்? ஸ்வீடன்காரர்கள் அன்போடு வளர்த்த நாட்டுப்புறக் கதை என்று எடுத்துக்கொள்ளலாம்.

தனியாக ஓடாதே

பிழைப்புக்கு அவர் பார்த்தது ஆசிரியர் வேலை. பாடம் புவியியல். ஜப்பானில் பெண்கள் ஓட்டப் பந்தயங்களில் இறங்குவதே வினோதமாகப் பார்க்கப்பட்ட காலத்தில், பெண்கள் பள்ளியில் விளையாட்டை வளர்த்தார். டோக்கியோவின் ஹரிமயா கடைக்காரரோடு சேர்ந்து, பழைய துணித் தாபியை நீண்ட தூர ஓட்டத்துக்கு ஏற்றபடி மாற்றி, ரப்பர் அடி வைத்த ‘கனகுரி தாபி’யைக் கொண்டுவந்தார். 1951-ல் ஹிரோஷிமாவைச் சேர்ந்த ஷிகெகி தனாகா பாஸ்டன் மராத்தானை வென்றபோது காலில் இருந்தது விரல் பிரிந்த அந்த வகைக் காலணிதான்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ‘எகிடென்’, அதாவது நெடுஞ்சாலையில் ஓடும் தொடர் ஓட்டம். 1917-ல் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு, 500 கிலோமீட்டருக்கு மேல் முதல் எகிடென் நடந்தபோது கனகுரி கடைசிக் கட்டம் ஓடினார். 1920-ல் பல்கலைக்கழக மாணவர்களுக்கான ஹாக்கோனே எகிடென் தொடங்கியதில் அவருடைய பங்கு முக்கியமானது. ஒரே ஒரு ஆளை மட்டும் நம்பி ஒலிம்பிக்குக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பது அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஒரே நேரத்தில் நிறைய ஓட்டக்காரர்களை உருவாக்க அவர் கண்ட வழி அது.

1967 மார்ச்சில், ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் 55-வது ஆண்டு விழாவுக்கு ஸ்வீடன் அவரை அழைத்தது. 75 வயதில், கோட்டு போட்டபடியே பழைய ஸ்டேடியத்தில் ஓடி, கட்டியிருந்த ரிப்பனை மார்பால் அறுத்தார். நேரத்தை அறிவித்து, ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் எல்லாப் போட்டிகளும் இத்துடன் முடிந்தன என்றார்கள். நீண்ட ஓட்டம்தான், நடுவில் கல்யாணம் செய்து 6 பிள்ளைகளும் 10 பேரப்பிள்ளைகளும் பார்த்துவிட்டேன் என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

1983 நவம்பர் 13-ல், சொந்த மாகாணத்தில், 92 வயதில் இறந்தார். அவர் தொடங்கிவைத்த ஹாக்கோனே எகிடென் இன்று ஜப்பானே டிவி முன் உட்கார்ந்து பார்க்கும் பந்தயம். அதில் சிறப்பாக ஓடும் மாணவருக்கு 2004 முதல் கனகுரி ஷிஸோ கோப்பை தருகிறார்கள். அந்தப் பந்தயம் நடப்பது ஜனவரி 2, 3 தேதிகளில், நல்ல குளிரில்.