தந்த வயலின் பெற்ற தஞ்சை வடிவேலு

கலைகளுள் இனியது இசைக்கலை. மொழியறியாப் பச்சிளங் குழந்தையும் தாலாட்டுக் கேட்டுக் கண்ணுறங்கும். அத்தகைய இசைக்கு, வேற்று நாட்டுக் கருவியொன்றைச் சொந்தமாக்கித் தந்த பெருமக்களுள் ஒருவர் தஞ்சை வடிவேலு. அவருடைய வரலாற்றையும், அவர் பெற்ற அரிய பரிசின் வரலாற்றையும் எங்கள் தோழியர்க்கு இங்கே கூற விழைகின்றோம்.

நட்டுவனார் மரபில், சுப்பராயன் என்பாரின் நான்கு புதல்வருள் இளையவராக 1810ஆம் ஆண்டில் வடிவேலு பிறந்தார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம் ஆகியோர் அவருடைய தமையன்மார். தஞ்சை நால்வர் என்று உலகம் போற்றுவது இவர்களையே. நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றனர். அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று பரதநாட்டிய மேடையில் நாம் காணும் வரிசையை வகுத்தவர்கள் இவர்களே. நம் பள்ளி ஆண்டு விழாவில் ஆடும் மாணவியர் இந்நால்வருக்கும் கடன்பட்டவர்கள்.

அக்காலத்தில் வயலின் நம் நாட்டுக்குப் புதியது. இத்தாலி நாட்டில் பதினாறாம் நூற்றாண்டில் உருவான அக்கருவி, ஆங்கிலேயரோடு கடல் கடந்து சென்னைக்கு வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதனைக் கற்று, நம் இசையை அதில் வாசித்துக் காட்டினார். இளைஞர் வடிவேலுவும் அதில் மனம் பறிகொடுத்தார். மேனாட்டார் நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசிப்பர். நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காலிலும் பொருத்தினர். தந்திகளை நம் சுருதிக்கு ஏற்பச் சேர்த்தனர். குரலின் குழைவும் கமகமும் வில்லில் பிறந்தன.

வாழ்வில் மேடும் பள்ளமும் உண்டல்லவா? தஞ்சை அரண்மனையோடு மனவேற்றுமை ஏற்பட்டதால் நால்வரும் பிறந்த மண்ணை விட்டுப் பிரிய நேர்ந்தது. சின்னையா மைசூர் அரசவையை அடைந்தார். வடிவேலுவைத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தம் அவையின் வித்துவானாக ஏற்றார். மன்னரோ சிறந்த இசைப்புலவர். இருவரும் ஏறத்தாழ ஒத்த வயதினர். மோகினியாட்டத்துக்கு மெருகூட்டிய பணியிலும் வடிவேலுவுக்குப் பங்குண்டு. அவருடைய வாசிப்பில் மகிழ்ந்த மன்னர், 1834ஆம் ஆண்டில் யானைத் தந்தத்தாலான வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். அப்போது மன்னருக்கு வயது இருபத்தொன்று. கலைஞருக்கு இருபத்து நான்கு!

சொந்த ஊரில் இடம் இழந்தவருக்கு அயலூரில் கிடைத்த பரிசு அது. பொன்னும் பொருளும் கொடுத்திருந்தால் செலவாகிப் போயிருக்கும். கருவியைக் கொடுத்ததனால், மேலும் வாசி என்று மன்னர் சொல்லாமல் சொன்னார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

வடிவேலு நாற்பது வயதை எட்டுமுன்பே மறைந்தார். ஆனால் வயலின் மறையவில்லை. தஞ்சை மேலவீதியில் உள்ள நால்வர் வழிவந்தோர் இல்லத்தில் அது தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வருகிறது. இடையில் எத்தனை மாற்றங்கள்! 1855இல் தஞ்சை மராத்திய அரசு முடிந்தது. கலைஞரைப் புரந்த அரசவை இல்லாமற் போயிற்று. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கோயில் ஆடலும் நின்றது. அம்மரபினர் தம் கலையைப் புதிய மேடைகளுக்குக் கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. அத்தனைக்கும் நடுவே அந்த வயலின் விலைக்குப் போகவில்லை. கஷ்டம் வந்தால் முதலில் அடகுக் கடைக்குப் போவது வீட்டிலுள்ள நல்ல பொருள்தான் என்பதை மண்ணரைப் பிள்ளைகளாகிய நாங்கள் அறிவோம். ஆதலால் அதன் அருமை எங்களுக்குப் புரிகிறது.

பழைய கருவியைக் காப்பது எளிதன்று. கடும் வறட்சியில் தந்தம் வெடிக்கும், மரம் பிளக்கும். ஈரம் மிகுந்தால் பசை விட்டுப் போகும். வியர்வைக் கை பட்டால் கறை படியும். வாசித்து முடித்ததும் வில்லின் முடியைத் தளர்த்தி, தந்தியில் படிந்த பொடியை மெல்லிய துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக் ஓட்டும் தாய்மார், பஞ்சுத் தூசியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மெஷினை மூடிவிட்டே வீடு திரும்புகின்றனர். சோறு போடும் கருவிக்குச் செய்யும் மரியாதை அது. ஆனால் துடைத்து வைத்தால் மட்டும் போதாது. ஓட்டாத மெஷினும் வாசிக்காத வயலினும் ஊமையே. கருவியைப் பூட்டி வைத்தவர் அதன் காவலர் மட்டுமே. வாசிப்பவரே அதற்கு உரியவர்.

வயலினுக்கு அன்று நிகழ்ந்தது, பின்னாளில் மாண்டலினுக்கும் நிகழ்ந்தது. அதுவும் இத்தாலியில் பிறந்ததே. அதன் நான்கு சோடித் தந்திகளுக்கும் வயலினின் நான்கு தந்திகளுக்கும் அந்நாட்டில் ஒரே சுருதிதான். பாலகொல்லுவில் 1969இல் பிறந்து 2014இல் மறைந்த உ. சீனிவாஸ், மின்சார மாண்டலினில் கருநாடக இசையை வாசித்து உலகையே வியக்க வைத்தார். வடிவேலு போன்றோர் வெட்டிய பாதையில் அவர் நடந்தார் எனலாம்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. இன்று யானைத் தந்த வணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது, அது நன்மையே. அதனால் வடிவேலுவின் வயலினைப் போல் இனியொன்று செய்யப்படப் போவதில்லை. இருப்பதைக் காப்பதே நம் கடமை.

அன்புத் தோழியரே! நம் இல்லங்களிலும் பாட்டனார் வாசித்த ஆர்மோனியமோ, பாட்டி பாடிய பாட்டோ இருக்கக்கூடும். அதனைத் தூசி தட்டி எடுப்போம், முறையாகப் பயில்வோம், பழுதின்றி அடுத்தவர் கையில் ஒப்படைப்போம். வடிவேலுவின் புகழ் வாழ்க!