புல்லின் கணக்கு

என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில், மாலை நேரங்களில் மாடும் மேய்த்தவர். எத்தனை மாடோ அத்தனை வசதி என்பது எங்கள் வீட்டில் கேட்டுப் பழகிய கணக்கு. கல்லூரியில் கால்நடை வளர்ப்புப் பாடம் படிக்கத் தொடங்கிய பிறகுதான், அந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டிருப்பது எனக்குத் தெரிந்தது. விடுபட்டது புல். அதைப் பற்றித் தேடிப் படித்தபோது அறிமுகமானவர்தான் ஆல்டோ லியோபோல்ட்.

1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிறந்த இவர், யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்தார். 1909இல் வனத்துறையில் சேர்ந்து அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிக்குச் சென்றார். மழை குறைந்த மலைப்பகுதி அது. அரசுக் காடுகளில் ஆடு மாடுகளை மேய்க்க அனுமதி தருவதும், எத்தனை கால்நடைகள் மேயலாம் என்று வரையறுப்பதும் வனத்துறையின் பொறுப்பு.

1912இல், 25 வயதிலேயே, கார்சன் தேசிய வனத்தின் தலைமை அதிகாரியானார். அளவுக்கு மீறி ஆடுகள் மேய்ந்ததால் அங்கு நிலம் நலிந்து கிடந்தது. அதே ஆண்டில் அவர் மணந்த எஸ்டெல்லாவோ, பெரிய ஆட்டு மந்தைகளை வைத்திருந்த குடும்ப வழியில் வந்தவர். மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியவருக்கு மந்தைக்காரர்களின் வாழ்க்கை அந்நியமானதல்ல.

1913 ஏப்ரலில், ஆடு வளர்ப்போருக்குள் எழுந்த மேய்ச்சல் தகராறு ஒன்றைத் தீர்க்கக் குதிரையில் புறப்பட்டுப் போனார். அந்தப் பயணத்தில் ஆலங்கட்டி மழையிலும் வெள்ளத்திலும் சிக்கினார். குளிரும் ஈரமும் சிறுநீரக நோயில் கொண்டுபோய்விட்டன. உயிர் பிழைத்ததே பெரிய காரியம். ஓராண்டுக்கு மேல் அவரால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

பின்னர் பல காடுகளைச் சுற்றிப் பார்வையிட்டபோது, ஆற்றோர விளைநிலங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுவதைக் கண்டார். காரணத்தை மேலே மலைச்சரிவில் தேடினார். புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைக்கிறது. மந்தைகள் புல்லை ஒட்டக் கடித்துவிட்டால், மழைநீர் மண்ணையும் சேர்த்து இழுத்துச் செல்கிறது. 1924இல் வெளியான கட்டுரையில் இன்னொன்றையும் விளக்கினார். முன்பெல்லாம் காய்ந்த புல்லில் பரவும் தீ, புதர்களை அடக்கி வைத்தது. மேய்ச்சலால் புல் குறைந்ததும் தீ பரவவில்லை, புல்வெளி புதர்க்காடாகியது.

ஆனால், அவர் எல்லாவற்றையும் முதலிலேயே சரியாகப் புரிந்துகொண்டவர் அல்லர். இளம் வயதில் ஓநாய்களை ஒழிக்க வேண்டும் என்று தீவிரமாக வாதாடியவர் அவர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், கால்நடைகளும் தப்பும் என்பது அன்றைய எண்ணம். ஓநாய்க் கூட்டம் ஒன்றைத் தாமே சுட்டதும் உண்டு. ஓநாய்கள் அழிந்த மலைகளில் மான்கள் பெருகி, செடிகொடிகளைத் தின்று தீர்த்து, கடைசியில் பசியால் மடிந்தன. மந்தையின் அளவை நிலத்துக்கு ஏற்றவாறு கட்டுக்குள் வைத்திருந்தது ஓநாய்தான். அதைக் கொன்றால் அந்த வேலையை மனிதன் செய்தாக வேண்டும். இதை உணர அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1944இல், தம் 57ஆம் வயதில், பழைய தவற்றை ஒளிக்காமல் எழுதினார்.

1933 முதல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1935இல் சத்திழந்த பண்ணை நிலம் ஒன்றை வாங்கி, மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் ஆயிரக்கணக்கான மரக்கன்றுகளை நட்டார். 1948 ஏப்ரல் 21ஆம் நாள், பக்கத்து நிலத்தில் பற்றிய புல் தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் காலமானார். அவரைப் புகழ்பெறச் செய்த நூல் மறு ஆண்டுதான் வெளிவந்தது.

ஒரு நிலம் எத்தனை கால்நடைகளைத் தாங்கும் என்பது இன்று எனக்குத் தேர்வில் வரும் கேள்வி. விடை எழுதும்போதெல்லாம் லியோபோல்ட் நினைவுக்கு வருகிறார். நண்பர்களே, வகுப்பில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால், அது தவறென்று தெரிந்த பிறகும் விட்டுக்கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. நிலத்தைப் பார்த்துத் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்ட அவரிடமிருந்து நான் கற்ற முதல் பாடம் அதுதான்.