மீன் முள்ளில் டூக்கான் இறகு: யார் இந்த ஜார்ஜ் கெல்சன்?

2009 ஜூன் மாதம், இங்கிலாந்தின் ட்ரிங் ஊரில் உள்ள அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே போன ஒரு மாணவர், பாடம் செய்யப்பட்ட 299 பறவைகளைச் சூட்கேஸில் அள்ளிக்கொண்டு போனார். எதற்கு? சால்மன் தூண்டிலில் கட்டும் இறகுக்காக! இந்தப் பித்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் 1920-லேயே இறந்துவிட்டார். அவர்தான் ஜார்ஜ் மார்ட்டிமர் கெல்சன்.

கெல்சன் கென்ட் அணிக்காக கிரிக்கெட் ஆடியவர். ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது சால்மன்தான். முள்ளில் இறகு, பட்டு நூல், ஜரிகை சுற்றிச் செய்யும் செயற்கைப் பூச்சிக்கு 'ஃப்ளை' என்று பேர். எந்தப் பூச்சிக்கு எந்த இறகு என்று பத்திரிகைகளில் எழுதி வந்தவர், 1895-ல் 'தி சால்மன் ஃப்ளை' என்ற புத்தகத்தையே போட்டார். சுமார் 300 பூச்சிகளுக்கான செய்முறை, கிட்டத்தட்ட சமையல் குறிப்பு மாதிரி.

உதாரணத்துக்கு 'ஜாக் ஸ்காட்'. உடம்பில் பின்பாதி மஞ்சள் பட்டு, முன்பாதி கறுப்பு. நடுவில் டூக்கான் இறகு. பக்கவாட்டில் வைப்பது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு! இறக்கை கட்டுவதுதான் பழகுபவரைப் படுத்தும் இடம். வெவ்வேறு நிற இழைகளை ஜிப் மாதிரி ஒன்றோடொன்று கோத்து ஒரே இறகாக்க வேண்டும். நூலை இழுக்கும்போது கொஞ்சம் பிசகினாலும் மொத்தமும் கோணிக்கொள்ளும்.

இறகு மாறினால் மீன் கண்டுபிடித்துவிடும் என்கிற ரேஞ்சில் கெல்சன் பிடிவாதமாக இருந்தார். இத்தனைக்கும் முட்டையிட ஆற்றுக்குள் ஏறும் சால்மன் பெரும்பாலும் இரையே எடுப்பதில்லை. பூச்சியை ஏன் கடிக்கிறது என்பதே இன்றும் விவாதம்தான்.

கடைசிக் காலம் அவருக்குக் கசந்தது. 'ஃபிஷிங் கெஸட்' ஆசிரியர் மார்ஸ்டன், கெல்சன் சொந்தம் கொண்டாடிய பூச்சிகள் உண்மையில் யாருடையவை என்று பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். கெல்சனின் பேர் ரொம்பவே அடிபட்டது. புத்தகத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

இன்றும் பழகுபவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். அதில் உள்ள பறவைகள் பலவற்றுக்கு இப்போது சட்டப் பாதுகாப்பு உண்டு. அதனால் நிறைய பேர் வான்கோழி, வாத்து இறகுக்குச் சாயம் ஏற்றியே ஜாக் ஸ்காட் கட்டிவிடுகிறார்கள்.