ஓட்டமும் நிறுத்தமும்

நுழையும்முன்

ஊர்தியை ஓட்டுவதினும் உரிய இடத்தில் நிறுத்துவது அரிது. பயணியின் உயிருக்கும் நேரத்திற்கும் ஊர்தி நடத்துவோரே பொறுப்பு எனக் கருதி வாழ்ந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். அவர்தம் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலைச்சாலையில் காற்றின் துணை

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்கு ஒரு மலைச்சாலை செல்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையிலோ 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்துகளும் ஏலக்காயும் தேயிலையும் ஏற்றிய சரக்குந்துகளும் இவ்வழிகளில் நாள்தோறும் இறங்குகின்றன. நிறைசுமையுடன் சரிவில் இறங்கும் ஊர்தியை நிறுத்த ஓட்டுநரின் கால்வலிமை மட்டும் போதாது. அங்கே துணைநிற்பது அழுத்தப்பட்ட காற்று.

எஞ்சினால் இயங்கும் கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, கலன்களில் சேமிக்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தியதும் வால்வு திறக்க, அக்காற்று சக்கரங்களை நோக்கிப் பாய்ந்து பிரேக்கை இயக்குகிறது. கசிவினால் காற்றழுத்தம் மிகக் குறைந்தால், அதுவரை காற்றினால் அடக்கிவைக்கப்பட்டிருந்த வலிய சுருள்வில் விரிந்து பின்சக்கரங்களைப் பற்றிக்கொள்ளும். தொடர்வண்டிகளுக்கென அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் உருவாக்கிய காற்றுப் பிரேக்கின் வழிவந்ததே இவ்வமைப்பு. தமிழகத்தில் இத்தொழில் வேரூன்றக் காரணமான குழுமத்திற்கு அடித்தளமிட்டவர் சுந்தரம் ஐயங்கார்.

துணிவும் தொழிலும்

அவர் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877 மார்ச் 22 அன்று பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பின்னர் இருப்புப்பாதைத் துறையிலும் வங்கியிலும் பணியாற்றினார். மாதந்தோறும் வருவாய் தந்த வேலையைத் துறந்து, 1911இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கிப் பேருந்துத் தொழிலில் இறங்கினார். மதுரை அவரது தொழிற்களமாயிற்று. இன்றைய தேனி மாவட்டம் 1996 வரை அம்மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

அன்றைய சாலைகள் மாட்டுவண்டிகளுக்கானவை. லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் பேருந்தின் டயர்களைக் கிழித்தன. காந்தம் பொருத்திய வண்டியை முன்னே செலுத்தி அவற்றை அகற்றச் செய்தார் என்பர். அவருடைய பேருந்தைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்தனர் என்று கூறுவதும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வாயு எடுத்து ஊர்தியை இயக்கும் கருவியைத் தயாரித்தார், வண்டிகள் நிற்கவில்லை.

இளமையில் கணவரை இழந்த அவருடைய மகள் சௌந்தரம், கைம்பெண்கள் வீட்டுக்குள் முடங்கிய அக்காலத்திலேயே மருத்துவம் பயின்றார். 1947இல் காந்திகிராமத்தை நிறுவி ஊரகப் பணியில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார்.

விதைத்தவர் மறைந்த பின்

சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் மறைந்தார். ஏழாண்டுகள் கழித்து, 1962இல், அவர்தம் வழியினர் இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்ட்ரே நிறுவனத்துடன் இணைந்து சுந்தரம் கிளேட்டனைத் தொடங்கினர். சென்னையை அடுத்த பாடியில் கனரக ஊர்திகளுக்கான காற்றுப் பிரேக் கருவிகள் உருவாயின. தரத்திற்காக வழங்கப்படும் ஜப்பானின் டெமிங் பரிசை அதன் பிரேக் பிரிவு 1998இல் பெற்றது.

அத்தொழிற்சாலையைக் காண அவர் இருக்கவில்லை. எனினும், சாலையில் கிடந்த ஆணியைக்கூடத் தம் பொறுப்பாகக் கருதிய அவரது மனப்பாங்கு அத்தொழிலுக்கும் உரியதே. இன்றும் போடிமெட்டிலிருந்து இறங்கத் தொடங்குமுன் ஓட்டுநர் காற்றழுத்தமானியை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். முள் உரிய அளவில் நின்றால், பின்னால் அமர்ந்திருப்போர் அச்சமின்றி உறங்கலாம்.